மணமுறிவும் மகவின் நலனும்



கணவன் மனைவியரிடையே மனம் முறிந்து, இனிச் சேர்ந்து வாழ்வதற்கில்லை என்ற நிலை ஒரு குடும்பத்தில் ஏற்படும்போது, அந்தச் செய்தி முதலில் தாய் வீட்டுக்குப் போகிறது. பின்பு தாய்மாமனிடம் போகிறது. அதன்பின் ஊர்ப் பெரியவர்களிடமும், சில சமயம் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் போகிறது. கடைசியாக அது வழக்கறிஞரிடம் வந்து சேரும்போதோ, கையெழுத்திடக் கூடாத காகிதங்களில் கையெழுத்தும் ஆகி, பேசக் கூடாத பேச்சுகளும் பேசப்பட்டு, பிள்ளைகளையும் ஆளுக்கொருவராக இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். சட்ட உதவி என்பது எல்லா வாசல்களும் அடைபட்ட பிறகு தட்டுகிற கடைசி வாசல் என்ற எண்ணம் நம்மவர் உள்ளத்தில் ஊறிப் போயிருப்பதே இதற்குக் காரணம். பல்லாண்டுகளாக நீதிமன்றங்களில் குடும்ப வழக்குகளை நடத்தி வந்தவன் என்ற முறையில், இந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே உங்கள் சங்கத்தின் அழைப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே. மணமுறிவு நேர்கிற வீட்டில் குழந்தை இருக்குமானால், அங்கே இருப்பவை இரண்டு வழக்குகள். கணவனுக்கும் மனைவிக்கும் இடையே உள்ளது ஒன்று. அதில் வாதி உண்டு, பிரதிவாதி உண்டு, குற்றச்சாட்டும் மறுப்பும் உண்டு. மற்றொன்று குழந்தையைப் பற்றியது, அதில் எதிர்க்கட்சி என்று ஒருவருமில்லை, இருக்கவும் கூடாது. முதல் வழக்கில் ஜெயிப்பதற்காக இரண்டாவது வழக்கை ஆயுதமாக எடுத்துக்கொள்வதுதான் இத்துறையில் நான் கண்ட தீமைகள் எல்லாவற்றிலும் கொடியது. நல்ல சட்ட உதவி எது என்று என்னைக் கேட்டால், இவ்விரண்டையும் கக்ஷிக்காரருக்குப் பிரித்துக் காட்டி, பிரிந்தபடியே கடைசி வரையில் நடத்திக் கொடுப்பதுதான் என்பேன்.

விவாகரத்து என்பது நேற்று மேல்நாட்டிலிருந்து வந்து இறங்கிய சரக்கு என்று நினைப்பவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். விவாகம் ஒரு சம்ஸ்காரம், ஆகையால் அது முறிக்கவொண்ணாதது என்று சாஸ்திரிகளும் ஆங்கிலேய நீதிபதிகளும் சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே, நம் நாட்டில் பல சமூகங்களில் தீர்த்துவிடுவதும் அறுத்துக்கட்டுவதும் ஊரறிந்த வழக்கமாக இருந்து வந்தன. 1929-ஆம் ஆண்டில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, ஒத்துவராத மணத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை இருபாலாருக்கும் வேண்டும் என்று தீர்மானித்தது. இந்தியா முழுமைக்குமான சட்டம் வருவதற்கு முன்பே, 1949-இல், சென்னைச் சட்டசபை இருதார மணத்தைத் தடுத்து விவாகரத்துக்கு வழி செய்த சட்டமொன்றை நிறைவேற்றியது. 1955-ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டம் அதன் பிறகு வந்ததே. 1967-இல் சென்னை மாநிலச் சட்டமன்றம் அச்சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, புரோகிதரில்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கும் சட்ட மதிப்புக் கொடுத்தது. ஆகவே, அக்கினி வலம் வரவில்லை, எனக்கு நீதிமன்றத்தில் இடமில்லை என்று யாரும் அஞ்சவேண்டியதில்லை. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டுச் சட்டமும், முஸ்லிம் பெண்களுக்கு 1939-ஆம் ஆண்டுச் சட்டமும், மதம் கடந்து பதிவு மணம் புரிந்தவர்களுக்கு 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமும் இருக்கின்றன.

சட்டம் இத்தனை இருந்தும், இன்றைக்கும் எத்தனையோ மணங்கள் முத்திரைத் தாளில்தான் முறிகின்றன. பஞ்சாயத்துக் கூடுகிறது. சீர்வரிசைப் பாத்திரங்களும் நகைகளும் கணக்குப் பார்த்துத் திருப்பப்படுகின்றன; ஒரு தொகை கைமாறுகிறது; முத்திரைத் தாளில் 'இனி உனக்கும் எனக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை' என்று எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, சாட்சிகளும் ஒப்பமிட்டு, நோட்டரி வக்கீலின் முத்திரையும் விழுந்துவிட்டால், விவாகரத்து ஆகிவிட்டது என்றே இரு வீட்டாரும் நம்பிக் கலைகிறார்கள். விடுதலைப் பத்திரம் என்று மக்கள் சொல்லும் அந்தத் தாள் விவாகரத்து ஆகாது. ஒரு சமூகத்தில் தொன்றுதொட்டு வரும் தீர்த்துவிடும் வழக்கத்தை 1955-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பாற்றியிருக்கிறது என்பது உண்மையே. ஆனால் அப்படியொரு வழக்கம் உண்டென்பதை அதைச் சொல்லுகிறவர் நீதிமன்றத்தில் ஐயமற நிரூபித்தாக வேண்டும். அது எளிதில் ஆகிற காரியமன்று. நிரூபிக்க முடியாவிட்டால், அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்துகொண்டவரின் இரண்டாவது மணம் செல்லாமற் போகிறது; அந்த மணத்தில் வந்த பெண் சட்டப்படி மனைவி என்ற ஸ்தானத்தையும் இழந்து நிற்கிறாள். 'பிள்ளை தகப்பன் வீட்டிலேயே வளரட்டும், நான் உரிமை கோரமாட்டேன்' என்ற ஒரு வரியையும் அதே பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொள்வது வழக்கமாக இருக்கிறது. அந்த வரியைப் பார்த்துப் பார்த்து அழுது, இனிப் பிள்ளையைக் கேட்க எனக்கு வாயில்லை என்று முடிவு கட்டிக்கொண்ட தாய்மார்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்கு நான் சொன்னதையே இங்கும் சொல்லுகிறேன்: குழந்தையின் நலன் எது என்று தீர்மானிக்கும் பொறுப்பு நீதிமன்றத்தினுடையது; பெற்றோர் தமக்குள் எழுதிக்கொண்ட உடன்படிக்கை எதுவும் அந்தப் பொறுப்பைக் கட்டிப்போட முடியாது.

இனி, உதவியை எங்கே பெறுவது என்பதற்கு வருகிறேன். வக்கீல் வைக்கப் பணம் எங்கே என்பதுதான் முதற்கேள்வியாக எழுகிறது. பொருளில்லாமையால் எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்ற கொள்கையை, 1976-இல் செய்யப்பட்ட திருத்தம் அரசியலமைப்பின் 39ஏ விதியாக ஆக்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இதற்காக அமைக்கப்பட்ட நிபுணர் குழுவுக்குத் தலைமை வகித்து, நீதி ஏழையின் வாசலுக்கு எப்படிப் போகவேண்டும் என்று 1973-இல் விரிவான அறிக்கை தந்தவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். பழைய சென்னை ராஜ்யத்துத் தலைச்சேரியில் வக்கீல் தொழில் நடத்தி, சென்னைச் சட்டசபையிலும் அங்கம் வகித்த அவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்ள நமக்கும் பாத்தியதை உண்டு. 1987-இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் இயற்றப்பட்டு, 1995-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் அமலுக்கு வந்தது. அதன் 12-ஆவது பிரிவை ஒவ்வொரு பெண்ணும் மனனம் செய்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. இலவச சட்ட உதவிக்கு உரியவர்களின் வரிசையில், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோரோடு, பெண்களையும் குழந்தைகளையும் அப்பிரிவு எவ்வித வருமான வரம்புமின்றிச் சேர்த்திருக்கிறது. ஒரு பெண், பெண்ணாக இருப்பதனாலேயே அந்த உதவிக்கு உரியவளாகிறாள். ஆசிரியையாக இருக்கலாம், கூலி வேலை செய்பவளாக இருக்கலாம். வருமானச் சான்று கொண்டு வா என்று அவளை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. அந்த வரிசையில் வராத ஆண்மகனுக்கு, அவர் வருமானம் அரசு வகுத்த வரம்புக்குக் கீழே இருந்தால், அதே உதவி உண்டு.

அந்த அலுவலகம் எங்கே இருக்கிறது? உங்கள் வட்டத் தலைநகரிலுள்ள நீதிமன்றக் கட்டடத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது; மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது; சென்னையிலும் மதுரையிலும் உயர்நீதிமன்றத்தைச் சார்ந்த குழுக்கள் இருக்கின்றன. நீதிமன்ற வாசலில் கறுப்பு அங்கி அணிந்த யாரேனும் 'என்ன கேஸ்?' என்று கையைப் பிடித்தால் நில்லாமல், சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் எது என்று கேட்டுக்கொண்டு நேரே உள்ளே போய்விடுங்கள். வெள்ளைத் தாளில், தமிழிலேயே, நடந்ததை எழுதிக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்ல, அங்குள்ள தன்னார்வலரோ அலுவலரோ எழுதிக்கொண்டு, வாசித்துக் காட்டிக் கைநாட்டுப் பெறவேண்டும் என்பது விதி. வழக்கறிஞர் ஊதியம், நீதிமன்றக் கட்டணம், நகல் எடுக்கும் செலவு, சம்மன் அனுப்பும் செலவு எல்லாம் ஆணைக்குழுவைச் சேர்ந்தவை. நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் உங்களிடம் தனியாக ஒரு காசும் கேட்கக் கூடாது. கேட்டால் அதே அலுவலகத்தில் முறையிடலாம். வழக்கறிஞரை மாற்றித் தரும்படியும் கேட்கலாம். நேரில் போகத் துணிவில்லாதவர்கள் 15100 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் முதலில் பேசிப் பார்க்கட்டும்.

போகும்போது எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று கேட்பார்கள். கலியாணப் பத்திரிகை, திருமணப் படம், பதிவு செய்திருந்தால் பதிவுச் சான்று, குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பள்ளிக் கட்டண ரசீதுகள், வைத்தியச் சீட்டுகள், கணவரின் சம்பளத்தைக் காட்டும் ஏதேனும் ஒரு துண்டுக் காகிதம் ஆகியவற்றைச் சேகரித்துக்கொள்ளுங்கள். ஒரு மஞ்சள் பையில் இவற்றையெல்லாம் தேதி வாரியாக நூல் கட்டி அடுக்கிக் கொண்டு வந்த ஒரு கிராமத்துப் பெண்மணியை நான் அறிவேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். பட்டம் பெற்ற கணவர் தம் வருமானத்தைப் பாதியாகக் குறைத்துச் சொன்ன பிரமாண வாக்குமூலம், அந்தப் பையிலிருந்த பள்ளிக் கட்டண ரசீதுகளுக்கு முன்னால் நிற்கவில்லை. அவ்வளவு கட்டணம் செலுத்தியவருக்கு அவ்வளவு சொற்ப வருமானம் எப்படி இருக்கும் என்று நீதிபதி கேட்ட கேள்விக்கு அவரிடம் பதிலில்லை. ஜீவனாம்ச வழக்குகளில் இருதரப்பாரும் தம் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்யவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் கட்டளையிட்டிருப்பதால், இத்தகைய ரசீதுகளுக்கு முன்னைவிட இப்போது மதிப்பு மிகுந்திருக்கிறது.

குடும்ப நல நீதிமன்றங்கள் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டவை. மற்ற நீதிமன்றங்களின் சம்பிரதாயங்களைத் தளர்த்தி, குடும்பத் துயரத்தைக் குடும்பத் துயரமாகவே கேட்க வேண்டும் என்ற நோக்கத்தோடு அவை வகுக்கப்பட்டன. இரு தரப்பில் ஒருவர் விரும்பினாலும் விசாரணையைக் கதவை மூடி நடத்த வேண்டும். சமரசத்துக்கு முதலில் முயல வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்வதைக் கூட உரிமையாகக் கேட்க முடியாது, நீதிமன்றத்தின் அனுமதியோடுதான் வைத்துக்கொள்ளலாம். நடைமுறையில் அனுமதி கிடைத்துவிடுகிறது. குடும்ப நல நீதிமன்றம் இல்லாத ஊர்களில் சார்பு நீதிமன்றமோ மாவட்ட நீதிமன்றமோ இவ்வழக்குகளை ஏற்கும். மணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்தரப்பார் வசிக்கும் ஊர் இவற்றில் எங்கும் வழக்குப் போடலாம் என்பதோடு, மனைவி தான் இப்போது வசிக்கும் ஊரிலேயே போடலாம் என்று 2003-இல் இந்து விவாகச் சட்டம் திருத்தப்பட்டது. பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட பெண், கணவர் ஊருக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏற வேண்டிய கொடுமை அதனால் பெரிதும் குறைந்தது.

சமரச முயற்சியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதைச் சேர்த்து வைக்கும் முயற்சி என்று மட்டுமே பலர் எண்ணிக்கொண்டு, அடிபட்ட பெண்ணையும் 'பொறுத்துப் போ அம்மா' என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பகையில்லாமல் பிரிய வைப்பதும் சமரசமே. அடி உதைக்கு அஞ்சி வாழ்கிற பெண் சமரச அறையில் உட்காருவதற்கு முன், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடமோ நேரே குற்றவியல் நடுவரிடமோ மனுக் கொடுத்து, பாதுகாப்பு உத்தரவும், வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாதென்ற உத்தரவும், பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உத்தரவும் பெற முடியும். இதற்கு விவாகரத்து வழக்குப் போட்டிருக்க வேண்டுமென்பதில்லை.

இருவரும் மனமொத்துப் பிரிய விரும்பினால், இந்து விவாகச் சட்டத்தில் 1976-இல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவு இருக்கிறது. ஓராண்டு பிரிந்திருந்தவர்கள் சேர்ந்து மனுக் கொடுத்து, ஆறு மாதம் கழித்து மீண்டும் வந்து தம் சம்மதத்தை உறுதி செய்தால் விவாகரத்து கிடைக்கும். தக்க காரணமிருந்தால் அந்த ஆறு மாதத்தையும் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஆவதற்கு முன் எவரும் தம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே, பணமும் நகையும் தருவதாகச் சொன்ன வாக்குறுதிகள் மனுவிலேயே எழுத்தில் இருக்கட்டும். விரைவில் விடுதலை வேண்டுமென்ற அவசரத்தில், 'எனக்கும் என் பிள்ளைக்கும் ஜீவனாம்சம் வேண்டாம்' என்று எழுதிக் கொடுக்கிற பெண்கள் மிகப் பலர். தனக்கு வேண்டாம் என்று அவள் சொல்லிக்கொள்ளட்டும். பிள்ளைக்குரியதை விட்டுக்கொடுக்க அவளுக்கு அதிகாரமில்லை. அது பிள்ளையின் சொத்து.

மனமொத்துப் பிரியாதவர்களின் மனுக்களைப் பற்றி என் தொழிலைச் சேர்ந்தவர்களிடம் மன்றாடிக் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. கொடுமை என்றோ கைவிட்டமை என்றோ உண்மையான காரணம் ஒன்றிருக்க, வழக்குக்கு வலுச் சேர்க்கிறோம் என்று மனைவியின் நடத்தையைப் பற்றியும் கணவனின் ஆண்மையைப் பற்றியும் இட்டுக்கட்டி எழுதுகிறோம். வழக்கு முடியும், மனுவின் நகல் பீரோவில் இருக்கும். பதினெட்டு வயதில் அதைக் கையிலெடுத்துப் படிக்கப் போகிறவன் அந்த இருவருடைய மகன். தாயைத் தகப்பன் எப்படி வருணித்தான் என்று அவன் அந்தக் காகிதத்திலிருந்து தெரிந்துகொள்வதற்கு, எழுதிக் கொடுத்த நாமே உத்தரவாதிகள். கக்ஷிக்காரர் கோபத்தில் சொல்லுவதெல்லாம் மனுவில் ஏறவேண்டுமென்பதில்லை. எதை எழுதக் கூடாது என்று எடுத்துச் சொல்வதும் சட்ட உதவியே.

இப்போது குழந்தையின் வழக்குக்கு வருகிறேன். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும் 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்புச் சட்டமும் இதற்கு ஆதாரமானவை. மைனர் குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் தகப்பன், அவருக்குப் பின் தாய் என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியது. கோவையில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் கடன் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, தகப்பனார் கையெழுத்து வேண்டும் என்று அது திருப்பப்பட்டது. கணவரும் மனைவியும் சேர்ந்தே உச்ச நீதிமன்றம் சென்றார்கள். தகப்பன் உயிரோடிருக்கும்போதும், குழந்தையைப் பராமரிக்கும் நிலையில் அவர் இல்லாவிட்டால் தாயே காப்பாளராகலாம் என்று 1999-இல் தீர்ப்பாயிற்று. பெற்று வளர்த்தவளுக்கு அந்த ஸ்தானம் உண்டென்று சொல்ல நமக்கு இத்தனை காலம் பிடித்தது என்பதை எண்ண எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆனால் காப்பாளர் யார் என்பதைவிட, குழந்தை யாரிடம் வளர்வது என்பதே அன்றாட வாழ்வில் பெரிய கேள்வி. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்கவேண்டும் என்பது சட்டம். அதற்கு மேற்பட்ட வயதிலும், தகப்பனுக்கு இவ்வளவு உரிமை, தாய்க்கு இவ்வளவு உரிமை என்று நீதிமன்றம் தராசு பிடிப்பதில்லை; குழந்தையின் நலனே தலையாய கருத்து என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்லுகிறது. சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருள்களல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே வற்புறுத்தியது. குழந்தையைப் பற்றிய உத்தரவு எதுவும் முடிந்த முடிபன்று, நிலைமை மாறினால் உத்தரவும் மாறலாம் என்பதையும் அத்தீர்ப்பு தெளிவாக்கியது. ஆகவே தாய்க்குச் சம்பாத்தியம் இல்லை என்பது அவளிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கக் காரணமாகாது; சம்பாத்தியம் உள்ள தகப்பன் செலவுக்குக் கொடுக்கட்டும். மறுமணம் ஒன்று மட்டுமே தகுதிக் குறைவும் ஆகாது. குழந்தை எந்தப் பள்ளியில் படிக்கிறது, காய்ச்சல் வந்தால் இரவில் யார் விழித்திருந்தார்கள், பாட்டி தாத்தா யார் வீட்டில் இருக்கிறார்கள், உடன்பிறந்தவர்கள் ஒன்றாக வளர முடியுமா என்பன போன்ற சின்னஞ்சிறு விஷயங்களே இவ்வழக்கைத் தீர்மானிக்கின்றன. விவரமறிந்த வயதுள்ள குழந்தையை நீதிபதி தம் அறையில் தனியே அழைத்துப் பேசுவதும் உண்டு. அந்த நாளுக்காகக் குழந்தைக்கு வசனம் சொல்லிக் கொடுத்துக் கூட்டி வருகிற பெற்றோருக்கு ஒன்று சொல்லுவேன்: மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளையை நீதிபதி இரண்டு நிமிடத்தில் கண்டுகொள்கிறார், ஒப்பித்துவிட்டு வந்த பிள்ளையோ அன்றிரவு தூங்குவதில்லை.

குடும்ப நல நீதிமன்றங்களில் குழந்தையைப் பார்ப்பதற்கென்று ஓர் அறை உண்டு. சுவரில் கரடியும் முயலும் வரைந்திருக்கும். சில விளையாட்டுச் சாமான்கள் இருக்கும். மூலையில் ஆலோசகரின் மேஜை இருக்கும். ஒரு சனிக்கிழமை முற்பகல் அங்கே ஒரு தகப்பனார் ஏழு வயது மகளுக்காகப் புதுப் பாவாடை சட்டை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஓராண்டுக்குப் பிறகு அன்றுதான் பார்க்கிறார். சட்டையை மகளின் தோளில் வைத்துப் பார்த்தால், அது சென்ற ஆண்டின் மகளுக்குத் தக்க அளவாக இருந்தது. அவருக்குப் பேச்சு வரவில்லை. வாசலருகே பெஞ்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த தாயார், சற்று நேரம் பொறுத்து, 'இப்ப இருபத்தாறு சைஸ் எடுக்கணும்' என்று யாரிடமும் சொல்லாததுபோலச் சொன்னார். வழக்குத் தொடங்கியபின் அவ்விருவருக்கிடையே வக்கீல் நோட்டீஸ் மூலமன்றி நடந்த முதற்பேச்சு அது. அந்த வழக்கில் எத்தனையோ மனுவும் எதிர்மனுவும் தாக்கலாகியிருந்தன. ஆனால் பெண்ணின் வளர்ச்சியைத் தகப்பன் அறிந்துகொள்ள வழி செய்யும் ஒரு வரி அவற்றுள் எதிலும் இல்லை.

எனவே, குழந்தையைப் பார்க்கும் உரிமைக்கு மனுப் போடும்போது 'வாரம் ஒருமுறை பார்க்க அனுமதி' என்ற ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எந்தக் கிழமை, எந்த மணி, யார் கொண்டுவந்து விடுவது, யார் வந்து அழைத்துப் போவது, நீதிமன்ற வளாகத்திலா, பூங்காவிலா, வீட்டிலா என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். கோடை விடுமுறையை எப்படிப் பகிர்ந்துகொள்வது, பொங்கலும் தீபாவளியும், ரம்ஜானும் கிறிஸ்துமஸும் யாரிடம், மதிப்பெண் அட்டை இருவருக்கும் காட்டப்படுமா, பள்ளி ஆண்டு விழாவுக்கு இருவரும் வரலாமா, வெளியூரில் இருப்பவர் வீடியோ அழைப்பில் பேசும் நேரம் எது என்பவற்றையும் உத்தரவில் ஏற்றிவிட்டால், பின்னால் எழும் சண்டைகளில் பெரும்பகுதி எழாமலே போகும். பெற்றோர் இருவரும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டுப் பராமரிப்புக்குச் சட்டத்தில் இடம் வேண்டும் என்று 2015-இல் சட்டக் கமிஷன் தன் 257-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதை ஏற்றுச் சட்டமாக்கியிருக்க வேண்டும். சட்டமாகாத குறையை நல்ல வழக்கறிஞர்கள் நல்ல உத்தரவுகளைக் கேட்டுப் பெறுவதனால் ஓரளவு ஈடு செய்யலாம்.

பணம் கொடுக்கவில்லை, ஆகையால் பிள்ளையைக் காட்டமாட்டேன் என்று தாயும், பிள்ளையைக் காட்டவில்லை, ஆகையால் பணம் கொடுக்கமாட்டேன் என்று தகப்பனும் சொல்வதை நாள்தோறும் கேட்கிறோம். இரண்டையும் ஒன்றுக்கொன்று பிணையாக்கினால் இரண்டு பக்கமும் நஷ்டப்படுவது குழந்தைதான். பார்க்கும் உத்தரவை மீறினால் அதற்குத் தனி மனு உண்டு. ஜீவனாம்சம் வராவிட்டால் அதற்கும் தனி வழி உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144-ஆவது பிரிவாக மாறியிருக்கும் ஏற்பாட்டின்படி, மனைவியும் பிள்ளைகளும் தாம் வசிக்கும் இடத்திலேயே ஜீவனாம்சம் கேட்கலாம். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கும் அந்த வழி திறந்திருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் மறுபடியும் உறுதி செய்தது. உத்தரவான பின்னும் கொடாதவருக்குச் சிறைத் தண்டனையும் உண்டு. ஆனால் பாக்கி விழுந்த தேதியிலிருந்து ஓராண்டுக்குள் அதை வசூலிக்க மனுக் கொடுத்துவிட வேண்டும். 'பாவம், பிறகு கொடுப்பார்' என்று இரண்டாண்டு காத்திருந்துவிட்டு வருகிறவர்கள் அந்த வழியில் பழைய பாக்கியை இழந்துவிடுகிறார்கள்.

சம்மன் வந்தால் வாங்க மறுப்பதும் நம்மவரிடையே உள்ள ஒரு வழக்கம். வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடாது, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். அப்படித் தீர்ப்பாகிவிட்டால், தீர்ப்பான தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் அதை நீக்கக் கோரும் மனுவைப் போடவேண்டும். சட்டப் பணிகள் அலுவலகத்துக்கு அன்றைய தினமே போக வேண்டிய சந்தர்ப்பம் அது.

பேச்சைத் தொடங்கு முன் ஒரு தாயார் என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள்; பெயரில்லாமல் அதற்கு விடை சொல்லி என் உரையை முடித்துக்கொள்கிறேன். கணவர் வெளிநாட்டில் வேலையாக இருக்கிறார். அங்குள்ள நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்குப் போட்டு, தபாலில் ஒரு கட்டுக் காகிதம் அனுப்பியிருக்கிறார். இங்கே தாயிடம் இருக்கும் பிள்ளையையும் கேட்கிறார். என்ன செய்வது என்பது கேள்வி. அம்மா, இங்கே நம் சட்டப்படி நடந்த மணத்தை, அச்சட்டம் ஒப்புக்கொள்ளாத காரணத்தின் மேல் அந்நிய நீதிமன்றம் முறித்தாலும், நீங்கள் மனமுவந்து அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்காமலிருக்கும்போது முறித்தாலும், அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கிறது. ஆகையால், அந்தக் காகிதங்களில் எங்கே கையெழுத்திடச் சொல்லியிருந்தாலும் இடாதீர்கள். வழக்கறிஞரைக் கலக்காமல் பதிலும் அனுப்பாதீர்கள். பேசாமல் கிழித்தும் போட்டுவிடாதீர்கள். தபால் முத்திரை தெரிகிற உறையோடு அப்படியே பத்திரப்படுத்துங்கள். பிள்ளையைப் பொறுத்தவரையில், ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட குழந்தைகளைத் திருப்பி அனுப்புவது பற்றிய 1980-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அந்நிய நாட்டு உத்தரவை நம் நீதிமன்றம் ஒரு கருத்தாக மதிக்கும். ஆனால் முடிவைக் குழந்தையின் நலன் கொண்டே செய்யும். கணவர் உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடக்கூடும். அதை எதிர்பார்த்து, பிள்ளை சாதாரணமாக வசிக்கும் இந்த ஊருக்குரிய நீதிமன்றத்தில் காப்பாளர் மனுவை நீங்கள் முந்திக்கொண்டு தாக்கல் செய்வது நல்லது. பள்ளிச் சான்றையும் பிள்ளையின் பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை மாவட்ட ஆணைக்குழு அலுவலகம் திறந்திருக்கும். அங்கே கொடுக்க வேண்டிய மனுவைக் கூட்டம் முடிந்ததும் இந்த மேஜையிலேயே உங்களோடு உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறேன்.